கழுத்தில் வெளிச்சமில்லை

சத்தம் இருக்கிறது.
யாரோ யாரையோ சுடுகிறார்கள், எதுவோ வெடிக்கிறது,
ஒரு விசில், மறுபடி முதலிலிருந்து இசை.
படம் மட்டும் இல்லை.
"டீவி செத்திட்டு ராத்தா" என்கிறான் றுஸ்னி.
செத்ததா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டும்,
அதற்குத்தானே இரண்டாயிரத்தி ஐந்நூறு.

சாய்ந்தமருது மெயின் வீதி, ஜூஸ் கடை.
கொழும்பு ஏலத்தில் எடுத்து,
வெறுமையாய்த் திரும்பிய மீன் லொறியில் ஏற்றி வந்த பெட்டி.
ஆளுயரம். பக்கப் பலகையில் பாதி உரிந்த விண்கப்பல்.
பின்கதவைக் கழற்றினேன்:
மூன்று பல்லி முட்டை, இரண்டு கச்சான் கோது,
நடுவில் ஓட்டை போட்ட எந்த நாட்டுச் சில்லறையோ ஒன்று,
எல்லாவற்றுக்கும் மேல் சூரை வாசம்.

முதலில் பியூஸ். நல்லது.
(பியூஸ் நல்லதென்றால் எனக்குச் சந்தோஷமில்லை.
வேலை நீளும்.)
மீற்றரின் சிவப்பு முனையைப் பெரிய கப்பாசிட்டரில் வைத்தேன்:
நூற்றிருபத்தெட்டு. வருகிறது.
கடை லைட்டை அணைக்கச் சொல்லி
குழாயின் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.
அங்கே சின்னதாய் ஒரு செம்மஞ்சள் இருக்க வேண்டும்,
விடியப்புறம் தூரத்து வீட்டு அடுப்பைப் போல.
இல்லை.

"கழுத்துல வெளிச்சமில்ல."
"அப்ப குழாய் போயிட்டா?"
"அப்பிடிச் சொன்னேனா?"

அவனுக்கு அவசரம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எட்டு நாள்.
நீலக் கதிரை வாங்கிவிட்டான், பெனர் அடித்துவிட்டான்,
மச்சானிடம் கைமாற்றும் வாங்கிவிட்டான்.
கச்சான் காற்று வீதி மணலை அள்ளி வந்து
என் சொல்டர் டப்பாவில் போடுகிறது.
ஷட்டரைப் பாதி இறக்கினோம்.
அதற்குள்ளும் ஒருவன் குனிந்து "பலூடா இருக்கா?"

கறண்டைப் பிடுங்கினாலும் கண்ணாடி மறக்காது.
வயரின் ஒரு முனையைச் சட்டத்தில் கவ்வி,
மறுமுனை சுற்றிய ஸ்க்ரூடிரைவரை
றப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்தேன்,
இடக்கை முதுகுக்குப் பின்னால்.
டப்.
றுஸ்னி பாய்ந்துபோய் ஐஸ் பெட்டியில் இடித்துக்கொண்டான்.
இது ஒருதரம் என்னை ஒரு பின்னேரம் முழுக்க
பேச்சில்லாமல் இருத்தி வைத்தது,
நிந்தவூரில், ஒரு கல்யாண வீட்டில்.
அந்தக் கதையை அவனுக்குச் சொல்லவில்லை.

சேசிஸை மேசையில் கவிழ்த்து
டோர்ச்சும் பூதக்கண்ணாடியுமாய், புள்ளி புள்ளியாய்.
செம்பில் பச்சை பூத்திருக்கிறது.
எந்தக் கடலோ. எங்கள் கடல் இல்லை,
அதற்கு இன்னும் பதினொரு நாள்தான் கிடைத்திருக்கிறது.
டிரைவ் டிரான்ஸ்போமரின் மூன்றாம் காலைச் சுற்றி
ஒரு வட்டம். மயிரிலும் மெல்லியது.
கால் நிற்கிறது. ஈயம் நிற்கிறது.
ஒன்றையொன்று தொடவில்லை,
தொட்டதுபோல் நிற்கின்றன.
இப்படி வீடுகள் எனக்கு நாலு தெரியும்.

பழைய ஈயத்தை உறிஞ்சி, புதிது வைத்து,
ஊதாமல் ஆற விட்டேன்.

மறுகா, சுவிட்ச்.
கிர்ரென்று ஒரு மூச்சு. கையில் மயிர் எழும்பியது,
உணர்ச்சியில் அல்ல, இருபதாயிரம் வோல்ட்டில்.
கழுத்தில் செம்மஞ்சள்.
பிறகு நீலம், பிறகு கோள்களும் கப்பல்களும்
சரிந்து சரிந்து ஓடி, ஒரு திருகலில் நின்றன.

"அதென்ன, பின்னால அழுக்கு?"
படத்துக்கு அடியில் இன்னொரு படம்:
மங்கலாய் மூன்று எழுத்து, ஒரு நீள எண்.
சேட் நுனியால் துடைத்தான். போகவில்லை.
"அழுக்கில்ல, எரிஞ்சது. வருசக்கணக்கா
ஒரே ஆள்ற பேரக் காட்டிக்கிட்டு நிண்டிருக்கு."
"அப்ப காசக் கொஞ்சம் குறைங்களன்."
"அவன வெல்றவனுக்கு பலூடா சும்மா எண்டு பெனர்ல போடு."
யோசித்தான். எத்தனை பலூடா என்று
அவன் உதடு கணக்குப் பார்த்தது.

சோதிக்க வேண்டுமே, முதல் ஆட்டம் எனக்கு.
காசுக் கதவுக்குள் விரலால் ஒரு தட்டு.
முப்பது விநாடி. மூன்று கப்பலும் போயின.
றுஸ்னி சிரிப்பை மறைக்க மிக்சரைப் போட்டான்.
தொடர்கிறாயா என்று திரை எண்ணத் தொடங்கியது.
ஒன்பது, நேர். எட்டு, நேர்.
ஏழு.
ஆறின் வயிறு வட்டமாய்த்தான் இருக்கிறது.
ஐந்து.
நாலில் தலை கொஞ்சம் நசுங்கியது.
மூன்றில் இன்னும் கொஞ்சம்.
சூடேற ஏறச் சுருங்குகிறது.
"ஷட்டரத் திறக்காத" என்றேன்.
இரண்டு.